தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்?

உப்பங்கழி (திங்கள், இரவு 9.10)

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவந்த அக்காவைப் போன மாதம் வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். இனி வரப்போவது மூன்றாவது ஆள். மாத்திரை மாதந்தோறும் வந்துவிடுகிறது; அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அந்த அக்கா வரத் தொடங்கிய காலத்தில் அம்மாவின் அழுத்தம் 170க்குக் கீழே இறங்கவே இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஒருநாள் அக்கா திண்ணையில் வைத்து அழுத்தம் பார்த்து முடித்ததும், "தாகமாக இருக்கிறது அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று அடுப்படிக்குப் போனார். தண்ணீர்ப் பானைக்கு மேலே இருந்த பலகையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடி சரியாக மூடாமல் அட்டையின் நுனி வெளியே தெரிந்திருக்கிறது. திறந்தால் மூன்று மாத மாத்திரை, ரப்பர் வளையம் போட்டு, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

நானாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அக்கா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எதனால் அம்மா?" என்று மட்டும் கேட்டார். மாத்திரை போட்ட நாட்களில் கால் வீங்கியதாம், செருப்பு ஏறவில்லையாம். மகனிடம் சொன்னால் மதுரைக்கு அழைத்துப் போவான், செலவாகும் என்று தானாகவே நிறுத்திவிட்டாராம். எந்த இடத்தில் வீங்கியது என்று கேட்டு அக்கா கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே துணைக்கு வந்து மருத்துவரிடம் சொன்னார். அம்மாவுக்குக் கொடுத்திருந்த அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரை சிலருக்குக் காலில் வீக்கம் உண்டாக்கும் என்று சொல்லி மருத்துவர் மாத்திரையை மாற்றினார். இரண்டு மாதத்தில் அம்மாவின் கணக்கு 138/84.

மாத்திரை வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. அது வாய்க்குள் போகிறதா என்று பார்க்க, அடுப்படி வரைக்கும் போகும் உரிமை உள்ள ஒருவர் வேண்டும். அந்த உரிமை கிடைக்க அக்காவுக்கு ஏழெட்டு மாதம் ஆனது. இப்போது வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் ஊர்களில் எப்படி?

கொண்டல் (திங்கள், இரவு 10.02)

அண்ணன், உங்கள் அம்மா வீட்டில் இருப்பவர். எங்களுக்கு முகத்தைவிட நேரம்தான் சிக்கல். நான் ராமேசுவரத்தில் விசைப்படகுத் தொழிலில் இருக்கிறேன். காலையில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை. வீட்டுக்கு வந்தால் மீன் கணக்கு, தூக்கம். பகல் பதினோரு மணிக்கு ஒருவர் கதவைத் தட்டினால் நான் கடலில் இருப்பேன், இல்லாவிட்டால் பிணம்போல் தூங்கிக்கொண்டிருப்பேன். எந்த முகம் வந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

எங்கள் துறையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது அழுத்தம் பார்த்திருப்பார்கள்? என்னோடு தொழில் செய்தவர் ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோதே கை சோர்ந்து விழுந்தார். கரை சேர ஆறு மணி நேரம். அவருக்கு அழுத்தம் இருந்தது அன்றைக்குத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

கீழைமகள் (திங்கள், இரவு 11.25)

எங்கள் கீழக்கரையில் நிலைமை இதற்கு நேர் எதிர். இங்கே வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டிலேயே இருப்போம். ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். ஒரு வீட்டுக்குள் பாட்டி, உம்மா, மூன்று லாத்தாமார் (அக்காமார்), பிள்ளைகள் என்று எல்லோரும் இருப்போம். கொசுப்புழு பார்க்க வரும் பையன் நல்ல பிள்ளைதான். ஆனால் முன்கட்டைத் தாண்டி வரமாட்டான், வரச் சொல்லவும் எங்களுக்குக் கூச்சம். தண்ணீர்த் தொட்டிகளோ பின்கட்டில். வெளியே கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போய்விடுவான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா மகனுக்கு டெங்கு வந்தது. அப்போது தெருவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் நேராகப் பின்கட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மூடி போட்ட தொட்டிதான். மூடியின் ஓரத்தில் குழாய் நுழையும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளி. உள்ளே புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீரை இறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம். அவர் விடவில்லை, தேங்காய் நாரை வாங்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் காட்டினார். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிக்கும் என்றார். இந்தக் கரையில் தண்ணீரைப் பிடித்து வைக்காமல் யாராலும் குடும்பம் நடத்த முடியாது. "தேக்கி வைக்காதீர்கள்" என்ற அறிவிப்பு எங்களுக்கு உதவாது. எப்படித் தேக்கி வைப்பது என்று கையைப் பிடித்துக் காட்டுபவர்தான் வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே தெருவில் பிறந்தவர் வருவதில் எனக்குப் பயமும் உண்டு. என் தங்கைக்கு மூன்றாம் மாதம் கர்ப்பம் கலைந்தது. வீட்டில் ஐந்து பேருக்குத்தான் தெரியும். மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவில் ஒருவர் என்னிடம் துக்கம் விசாரித்தார். யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. யார்மேலும் பழி போடவும் மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு என் தங்கை சுகாதாரத் துறையிலிருந்து யார் வந்தாலும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.

பனங்காடு (செவ்வாய், காலை 6.15)

தம்பிகளே, மகளே, நான் பழைய மலேரியா ஊழியன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடும் ஏற வேண்டும். வாசல் சுவரில் ஒரு கட்டம் இருக்கும். வந்து போன தேதியை அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காய்ச்சல் என்று யார் சொன்னாலும் விரலில் குத்தி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு இரத்தம். என்னைக் கண்டாலே பிள்ளைகள் பனைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளே பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து என்னிடம் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவுக்குப் பிரைமாகுயின் மாத்திரை பதினான்கு நாள். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிடும். மீதிப் பதினோரு நாளும் நோயாளியை மாத்திரை போட வைப்பதுதான் எங்கள் வேலை. நிறுத்திவிட்டால் கிருமி ஈரலில் பதுங்கி இருந்து சில மாதம் கழித்துத் திரும்ப வரும். புதிய ஆள் போய் "மாத்திரை போட்டாயா?" என்று கேட்டால் "போட்டேன்" என்ற பதில்தான் கிடைக்கும். பழகிய ஆளிடம்தான் பொய் சொல்லச் சங்கடப்படுவார்கள்.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒருமுறை பார்த்தாயிற்று. மலேரியா ஒழிப்புத் திட்டம் 1958இல் தொடங்கியது. 1965வாக்கில் நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு நோய் இறங்கியது. 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. மருந்தை எதிர்க்கும் கொசு, பூச்சிமருந்துத் தட்டுப்பாடு என்று பல காரணங்கள் உண்டு. வீடு வீடாக ஏறுவது குறைந்ததும் அவற்றில் ஒன்று. உப்பங்கழித் தம்பி கேட்டது சின்னக் கேள்வி அன்று.

ஆய்வுமாணவி (செவ்வாய், காலை 8.40)

பெரியவர் சொன்னதையொட்டி. நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். சொந்த ஊர் தேவிபட்டினம் பக்கம்.

பிரேசிலில் 1994இல் தொடங்கிய குடும்பச் சுகாதாரத் திட்டத்தில் ஒரு சுகாதாரப் பணியாளருக்கு அதிகபட்சம் 750 பேர் என்று வைத்திருந்தார்கள். அவர் அதே பகுதியில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் போவார், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நம் நாட்டில் 2013இல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் வீடு வீடாகப் போகும் ஓர் ஆஷா பணியாளருக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் என்று வைத்தது. தமிழ்நாட்டு நகரங்களில் ஆஷாவைவிட நகர்ப்புறச் சுகாதார செவிலியரும், 2021 ஆகஸ்டுக்குப் பிறகு மக்களைத் தேடி மருத்துவத்தின் மகளிர் தன்னார்வலர்களும்தான் நமக்குத் தெரிந்த முகங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் இத்தகைய பணியாளர்களுக்கென ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வேலைக்கு ஏற்ற ஊதியம் கொடுங்கள், எழுத்து வடிவில் ஒப்பந்தம் போடுங்கள், செய்த வேலையை எண்ணிக் கொடுக்கும் ஊக்கத்தொகையை மட்டுமே நம்பி அவர்களை நிறுத்தாதீர்கள் என்கிறது அது. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் எண்ணக்கூடிய வேலைதான் நடக்கும். அடுப்படியில் டப்பாவைத் திறந்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தெருவிளக்கு (செவ்வாய், இரவு 9.50)

பகல் முழுக்க இந்த இழையைப் படித்தும் எழுத நேரம் இல்லை. நானும் அந்த வேலையில் இருப்பவள்தான். ஊர் பெயர் வேண்டாம்.

காலை எட்டு மணிக்குப் பையை எடுப்பேன். அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரைக் கருவி, ஊசிகள், மாத்திரை உறைகள். உறை ஒவ்வொன்றிலும் பெயர் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்குக் காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் நானே பேனாவால் வரைந்து கொடுப்பேன். கடற்கரை ஓரத்து வீடுகளில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அளந்ததைக் கையில் எழுதிக்கொண்டு, கோயில் மேட்டுக்கு வந்து நின்று செயலியில் ஏற்றுவேன். வெயிலில் திரை தெரியாது. முந்தானையை மேலே போர்த்திக்கொள்வேன். ஒரு வீட்டில் பத்து நிமிடம் பேசினால் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போகிறது.

மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து எங்களை எடுத்தார்கள். "தன்னார்வலர்" என்கிறார்கள். மாதம் வருவது சம்பளம் அன்று, ஊக்கத்தொகை. நான் ஆர்வத்தோடுதான் போகிறேன். அதற்காக என் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் குறைவதில்லை. குறையாகச் சொல்லவில்லை. என்னை ஊழியர் என்று ஒருமுறை யாராவது அழைத்தால் நிமிர்ந்து நடப்பேன், அவ்வளவுதான்.

கீழைமகள் லாத்தா சொன்ன பயம் நியாயம். நான் வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லமாட்டேன். "அம்மா, எழுத வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். காசநோய் உள்ள வீட்டுக்குத் தனியாகப் போகாமல், முன்னும் பின்னும் நான்கு வீடு ஏறி இறங்கித்தான் போவேன். எந்த வீட்டுக்காக வந்தேன் என்று தெரு கண்டுபிடிக்கக் கூடாது. இது யாரும் பயிற்சியில் சொல்லித் தந்தது இல்லை.

கொண்டல் அண்ணனுக்கு ஒன்று. எங்கள் பகுதியில் ஒரு மீனவருக்குக் காசநோய். ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் அவர் மருந்தை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு நான்கு முறை போனேன், ஆள் இல்லை. ஐந்தாம் முறை விடியற்காலை துறைக்கே போய் நின்றேன். படகுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்தவர் முதலில் கோபப்பட்டார். பெட்டியைக் கீழே வைத்ததும் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். மீதி நாட்களில் பெரும்பாலும் அந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துதான் மாத்திரை விழுங்கினார். இப்போது நலம். அதற்கு எனக்கு அவர் வீட்டு நேரம் மட்டும் தெரிந்தால் போதாது; அவர் படகு எந்த நாளில் போகிறது, எப்போது அணையும் என்றும் தெரிய வேண்டியிருந்தது. புதிதாக வந்த ஒருத்திக்கு அது எப்படித் தெரியும்?

இதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எந்த வீடு எந்த நேரம், யாரிடம் எதைச் சொல்லலாம், எதை யாருக்குத் தெரியாமல் சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. என்னை மாற்றினால் அடுத்து வருபவரிடம் அதைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

கொண்டல் (செவ்வாய், இரவு 10.30)

அக்கா, துறைக்கே வந்து நின்றீர்கள் என்று படித்ததும் நேற்று நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் நேரத்தைத் தெரிந்துகொள்ளவும் பழகிய ஆள்தான் வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை.

ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் எல்லோரும் கரையில்தான். மரத்தடியில் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் இருப்போம். அங்கேயே வந்து ஒவ்வொருவருக்கும் அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுச்சளி பார்த்துவிட்டால் ஆண்டு முழுக்கத் தேட வேண்டாம். கருவாடும் உப்புக்கண்டமும் தின்று வளர்ந்த உடம்பு எங்களுடையது. அழுத்தம் இல்லாவிட்டால்தான் அதிசயம்.

கீழைமகள் (செவ்வாய், இரவு 11.05)

தெருவிளக்கு, நீங்கள் நான்கு வீடு ஏறி இறங்குவதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனால் அந்த நோட்டைத் தயவு செய்து யாரிடமும் கொடுக்காதீர்கள். அது பஸ்ஸில் தவறினால்? பிள்ளை கையில் அகப்பட்டால்? உங்களை நம்பிச் சொன்னார்கள். அடுத்தவருக்கும் சேர்த்து அவர்கள் சொல்லவில்லை.

பனங்காடு (புதன், காலை 5.50)

மகள் சொல்வது சரி. எங்கள் பதிவேட்டில் வீட்டு எண், ஆட்களின் எண்ணிக்கை, இரத்தம் எடுத்த தேதி மட்டும்தான் இருக்கும். மற்றதை நெஞ்சில் வைத்துக்கொள்வோம். நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பின் வந்த பையனைப் பத்து நாள் என் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து வீடு வீடாக அழைத்துப் போனேன். மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லை. "இவன் என் ஆள்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன்.

ஏர்வாடிப் பாதை (புதன், பகல் 1.20)

இந்தப் பேச்சில் மனநோயும் சேர வேண்டும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளி மாணவன், பக்கத்து ஊர். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் தெருவில் யாராவது ஒருவர், "உங்கள் மகனுக்கு இது நோய், மாத்திரை இருக்கிறது, நான் கூட வருகிறேன்" என்று முதல் ஆண்டிலேயே சொல்லியிருந்தால் எத்தனை பேர் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். என் சித்தப்பாவுக்கு மாதாமாதம் மனநல மாத்திரை தீரும் நாளை நினைவுபடுத்துபவர் எங்கள் ஊர்ச் செவிலியர் அக்காதான். அவர் விடுப்பில் போன மாதம் சித்தப்பா இரண்டு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தார். மறுபடி நிதானத்துக்கு வர மூன்று மாதம் ஆயிற்று.

தெருவிளக்கு (புதன், இரவு 10.15)

நோட்டைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். இன்று உட்கார்ந்து பிரித்தேன். எந்த வீட்டுக்கு எந்த நேரம், எந்த வீட்டில் நாய், யாருக்குக் காது மந்தம், எந்த உறையில் நிலா வரைய வேண்டும் என்பதையெல்லாம் வேறு தாளில் எழுதிக்கொண்டேன். மீதிப் பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். அவை எனக்கு மனப்பாடம்தான்.

பெரியவர் சொன்ன பத்து நாள் எங்களுக்குக் கிடைக்காது. இரண்டு நாளாவது கேட்டுப் பார்ப்பேன்.

உப்பங்கழி (ஞாயிறு, பகல் 11.40)

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் எழுதியதைப் படித்ததும் பழைய அக்காவுக்குப் போன் செய்தேன். நேற்று அவர் தன் விடுமுறை நாளில் புதியவரை அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். ஒன்பது வீடு ஏறினார்கள். மீதியை அடுத்த சனிக்கிழமை பார்ப்பதாகச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். வடக்குத் தெருவில் கருவாடு விற்பவரின் மருமகள் என்று அந்தப் பெண் சொன்னதும், மாமியாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுக் கையை நீட்டினார். 146/88 காட்டியது. கொஞ்சம் கூடுதல்தான், அடுத்த வாரம் மறுபடி வந்து பார்க்கிறேன் என்றது அந்தப் பெண். அக்கா ஒன்றும் சொல்லாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மட்டும், "தாகம் எடுத்தால் இந்த வீட்டில் நீயே போய் எடுத்துக் குடிக்கலாம்" என்றார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.